அண்டை நாட்டுக்கு உதவும்போது நிபந்தனை விதிக்கலாமா?

ஈசூன் வாசகி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். தொடக்கக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் என் மகளுக்கு அடுத்த வாரம் ஒரு சொற்போர் இருக்கிறது. "நெருக்கடியில் சிக்கிய அண்டை நாட்டுக்கு உதவும் நாடு, அந்த உதவியோடு நிபந்தனைகளையும் சேர்க்கலாம்" என்பது தலைப்பு. எந்த அணியில் பேச வேண்டும் என்பதைக் கடைசி நாளில்தான் சொல்வார்களாம். அதனால் இரண்டு பக்கத்துக்கும் அவள் ஆயத்தம் செய்துகொண்டிருக்கிறாள். எங்கள் வீட்டில் மூன்று நாள்களாகச் சாப்பாட்டு நேரத்தில் இதைத் தவிர வேறு பேச்சில்லை.

என் கணவரின் குடும்பம் வவுனியாவைச் சேர்ந்தது. இலங்கையின் 2022ஆம் ஆண்டுப் பொருளியல் நெருக்கடியின்போது அவருடைய பெரியம்மா, கையில் இருந்த ஒரே பால்மாப் பொட்டலத்தை வீட்டிலிருந்த நான்கு பிள்ளைகளுக்கும் தேக்கரண்டியால் அளந்து, காலையில் ஒரு வேளைக்கு மட்டும் கரைத்துக் கொடுப்பதைக் காணொளி அழைப்பில் பார்த்தோம். "பட்டினி கிடப்பவரிடம் முதலில் கையெழுத்து, பிறகுதான் சோறு என்று சொல்ல எவருக்கும் உரிமை கிடையாது" என்று என் கணவர் சொல்வது அந்தக் காட்சியிலிருந்து வருவது. எங்களோடு இருக்கும் என் அப்பா துறைமுகத்தில் 30 ஆண்டுகள் வேலை பார்த்தவர். கணக்குக் கேட்காமல் கொடுத்த பணம் சேர வேண்டிய கையில் சேராது என்பதில் அவர் உறுதியாக இருக்கிறார். இருவர் சொல்வதும் எனக்குச் சரியாகவே படுகிறது.

என் கேள்வி இதுதான். எங்கோ இருக்கும் பணக்கார நாடு நிபந்தனை விதிப்பதற்கும், எல்லையைப் பகிர்ந்துகொண்டு வாழும் நாடு விதிப்பதற்கும் வேறுபாடு உண்டா? நடந்த நிகழ்வுகளை வைத்து விளக்கினால் என் மகளுக்கு உதவியாக இருக்கும், எனக்கும்தான்.

—

பழைய வங்கியர் எழுதியது:

வணக்கம் அம்மா. 1997, 1998 ஆகிய ஆண்டுகளில் நான் ஷென்டன் வேயில் ஒரு வங்கியின் வணிக நிதிப் பிரிவில் இருந்தேன். நம் பக்கத்து நாடான இந்தோனேசியா சரிந்ததை என் மேசைக்கு வந்த காகிதங்களிலேயே பார்த்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

பாண்டுங்கில் நூற்பாலை வைத்திருந்த ஒருவர், பஞ்சு வாங்குவதற்காக ஜகார்த்தாவிலுள்ள வங்கி ஒன்றின் எல்.சி.யை எங்களுக்கு அனுப்பியிருந்தார். தொகை, சரக்கைக் கப்பலேற்ற வேண்டிய நாள், காட்ட வேண்டிய ஆவணங்கள் என்று எதிலும் குறை சொல்ல முடியாத தாள் அது. வாங்குபவர் பணம் தராவிட்டால் நான் தருகிறேன் என்று வங்கி கொடுக்கும் வாக்குத்தான் எல்.சி. என்பது. அந்த வங்கியின் வாக்கையே நம்புவதற்கு வெளிநாட்டு வங்கிகள் மறுத்துவிட்டபடியால், அந்தத் தாள் என் தட்டில் வாரக்கணக்கில் அப்படியே கிடந்தது. பஞ்சு ஏறவில்லை என்றால் ஆலை ஓடாது, ஆலை ஓடாவிட்டால் ஏற்றுமதி இல்லை, ஏற்றுமதி இல்லாவிட்டால் கடனை அடைக்க டாலர் இல்லை. 1997 நடுவில் ஓர் அமெரிக்க டாலருக்கு ஏறத்தாழ 2,400ஆக இருந்த ரூபியா, 1998 ஜனவரியில் 10,000ஐத் தாண்டிச் சரிந்துவிட்டது.

1997 அக்டோபர் இறுதியில் அனைத்துலக நாணய நிதியம் இந்தோனேசியாவுக்கு உதவித் திட்டத்தை அறிவித்தபோது, நிதியத்தின் சொந்தப் பங்கு ஏறத்தாழ 10 பில்லியன் அமெரிக்க டாலர். சிங்கப்பூர் 5 பில்லியன் அமெரிக்க டாலர் வரை தருவதாகச் சொன்னது. இவ்வளவு சிறிய நாட்டுக்கு அது மிகப் பெரிய தொகை. ஆனால் அது இரண்டாம் வரிசைப் பணம். நிதியத்தின் திட்டத்தை இந்தோனேசியா நிறைவேற்றி, முதல் வரிசைப் பணமும் போதாமற்போனால்தான் அது கைக்கு வரும். ஆக, நாம் நம் வாயால் ஒரு நிபந்தனையும் சொல்லவில்லை. நிதியம் சொன்ன நிபந்தனைகளின் பின்னால் நின்றுகொண்டோம். அன்று எனக்கு அது மிகவும் புத்திசாலித்தனமாகத் தெரிந்தது. பக்கத்து வீட்டுக்காரரிடம் நேருக்கு நேர் கணக்குக் கேட்டு மனக்கசப்பைத் தேடிக்கொள்ளாமல், இருவருக்கும் பொதுவான ஒருவரைக் கேட்க வைப்பது நல்லதுதானே என்று நினைத்தேன்.

பிறகு நடந்தவை என் எண்ணத்தைப் பாதி மாற்றிவிட்டன. 1997 நவம்பர் 1ஆம் தேதி, திட்டத்தின்படி 16 வங்கிகள் ஒரே நாளில் மூடப்பட்டன. சிறு வைப்புகளுக்கு மட்டுமே உத்தரவாதம் இருந்ததால், அடுத்து எந்த வங்கியோ என்ற அச்சத்தில் மக்கள் நல்ல வங்கிகளிலிருந்தும் பணத்தை எடுக்கத் தொடங்கினார்கள். 1998 ஜனவரி 15ஆம் தேதி இந்தோனேசியா நிதியத்துக்கு ஒப்பமிட்டுக் கொடுத்த இரண்டாவது வாக்குறுதிக் கடிதத்தில் கிராம்பு வணிகத்தின் தனியுரிமை, தேசியக் கார் திட்டத்துக்கான சலுகை, விமானத் தயாரிப்புக்கான அரசுப் பணம் எல்லாவற்றையும் நிறுத்த வேண்டும் என்று வந்தது. அவற்றில் பல ஊழலின் ஊற்றுக்கண்கள் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் வீடு எரிந்துகொண்டிருக்கும்போது, கிராம்பு வணிகத்தைச் சீர்செய்தால்தான் தண்ணீர் என்று சொன்னது போல எனக்குப் பட்டது. அதிபர் சுகார்த்தோ குனிந்து கையெழுத்திட, நிதியத்தின் தலைவர் கம்டெசு கைகளைக் கட்டிக்கொண்டு மேலிருந்து பார்த்தபடி நிற்கும் படம் உலகெங்கும் வெளிவந்தது. எங்கள் அலுவலகத்துக்கு வந்த இந்தோனேசிய வாடிக்கையாளர் ஒருவர் அந்தப் படம் இருந்த செய்தித்தாளை மடித்துக் கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் உட்கார்ந்தார். அவர் சுகார்த்தோவை விரும்பியவர் அல்லர்; தன் நாடு குனிந்ததாக அவருக்குத் தோன்றியது. மே மாதத் தொடக்கத்தில் எரிபொருள் விலை ஏறியது, கலவரம் மூண்டது, 21ஆம் தேதி சுகார்த்தோ பதவி விலகினார்.

இந்தோனேசிய வங்கிகளின் எல்.சி.களுக்கு உத்தரவாதம் தரும் திட்டம் ஒன்றையும் சிங்கப்பூர் முன்வைத்தது. என் மேசையில் கிடந்த தாளுக்கு நேர் மருந்து அதுதான் என்பதால் நான் மிகவும் எதிர்பார்த்தேன். அது எதிர்பார்த்தபடி நடைமுறைக்கு வரவில்லை என்பது இன்றைக்கும் எனக்கு வருத்தம். 1998 ஆகஸ்டில், சுகார்த்தோவுக்குப் பின் வந்த அதிபர் ஹபிபி நம்மை வரைபடத்தில் ஒரு சிவப்புப் புள்ளி என்று குறிப்பிட்டதாக வெளியான செய்தி இங்கே பலருக்கு நினைவிருக்கும். இரு தரப்பிலும் மனத்தாங்கல் கூடியிருந்த காலம் அது.

ஆகவே உங்கள் கேள்விக்கு என் பதில், வேறுபாடு உண்டு என்பதே. தொலைவில் இருப்பவர் நிபந்தனை பலிக்காவிட்டால் பையைச் சுருட்டிக்கொண்டு போகலாம். அண்டை நாட்டுக்கு அந்த வழி இல்லை; அகதியும் புகைமூட்டமும் நோயும் முதலில் வந்து சேரும் இடம் அதன் வாசல். எனவே அது விதிக்கும் நிபந்தனை, கொடுக்கும் பணம் எங்கே போகிறது என்பதோடு நிற்க வேண்டும். இந்தப் பணத்தில் பஞ்சு வாங்கினாயா, அரிசி வாங்கினாயா, ரசீதைக் காட்டு என்று கேட்கலாம். யார் ஆள வேண்டும், எப்படி ஆள வேண்டும் என்பதை அந்த ரசீதோடு சேர்த்துக் கேட்கக் கூடாது.

—

வடமராட்சியார் எழுதியது:

அக்கா, உங்கள் கணவர் குடும்பத்தைப் போன்றதே எங்கள் குடும்பமும். வங்கியர் ஐயா சொன்னதைப் பெரும்பாலும் ஏற்றுக்கொண்டாலும், "எப்படி ஆள வேண்டும் என்று கேட்கக் கூடாது" என்ற இடத்தில் என்னால் எளிதாகத் தலையாட்ட முடியவில்லை.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். 2022 தொடக்கத்தில், இந்தியா இந்த உதவியை 13ஆம் திருத்தத்தோடு பிணைக்க வேண்டும் என்று பேசியவர்களில் நானும் ஒருவன். 1987 ஜூலையில் ஒப்பமிட்ட இந்திய-இலங்கை உடன்பாட்டிலிருந்து பிறந்த, மாகாணங்களுக்கு அதிகாரம் பகிரும் இலங்கை அரசியலமைப்புத் திருத்தம் அது. காணி அதிகாரமும் காவல்துறை அதிகாரமும் இன்னும் மாகாணங்களின் கைக்கு முழுமையாக வந்து சேரவில்லை. கொழும்பு இவ்வளவு பலவீனமாக நிற்கும் நேரம் மறுபடி எப்போது வரும் என்று எண்ணினேன். அந்த ஆண்டில் இந்தியா கடன் வசதி, நாணயப் பரிமாற்றம், செலுத்த வேண்டிய தொகைக்குத் தவணை நீட்டிப்பு என்று பல வடிவங்களில் ஏறத்தாழ 4 பில்லியன் அமெரிக்க டாலர் அளவுக்கு உதவியது. இவ்வளவு கொடுப்பவர் ஒரு சொல் கேட்கக் கூடாதா என்ற ஆதங்கம் எனக்கு இருந்தது.

என் மனத்தை மாற்றியது தமிழ்நாட்டின் உதவி. முதலில் இலங்கைத் தமிழர்களுக்கு அனுப்புவதாகத்தான் அங்கே பேச்சு எழுந்தது. ஆனால் தமிழர்களுக்கு மட்டும் என்று பிரித்து அனுப்ப வேண்டாம், எல்லா மக்களுக்கும் சேர்த்தே அனுப்புங்கள் என்று இலங்கைத் தமிழ்த் தலைவர்கள் கேட்டுக்கொண்டதை முதல்வர் ஸ்டாலின் சட்டமன்றத்திலேயே எடுத்துச் சொன்னார். 40,000 டன் அரிசி, 500 டன் பால்மா, உயிர்காக்கும் மருந்துகள் என்று முடிவாகி, மே மாதம் சென்னையிலிருந்து முதல் கப்பல் புறப்பட்டது. அந்த ஒரு நிபந்தனையைக் கைவிட்டதன் அருமை, அங்கே வாழ்பவர்களுக்குத்தான் தெரியும். சிங்களக் குடும்பமும் முஸ்லிம் குடும்பமும் தமிழ்க் குடும்பமும் ஒரே கூட்டுறவுக் கடையில் வரிசையில் நிற்கும் ஊரில், ஒருவர் பையில் மட்டும் அரிசி விழுந்தால் அடுத்த நாள் அந்த வரிசை எப்படி இருக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

அரசியல் நிபந்தனை பலித்ததா என்பதற்கு எங்கள் நாட்டிலேயே ஒரு சோதனை நடந்திருக்கிறது. 2003 ஜூனில் தோக்கியோவில் கூடிய கொடை நாடுகள் 4.5 பில்லியன் அமெரிக்க டாலர் தருவதாக அறிவித்து, அதை அமைதிப் பேச்சின் முன்னேற்றத்தோடு பிணைத்தன. புலிகள் அந்த மாநாட்டுக்கே வரவில்லை. பணத்துக்காக இரு தரப்பும் இறங்கிவரும் என்ற கணக்குப் பொய்த்தது, போர் திரும்பியது. ஆழிப்பேரலைக்குப் பிறகு, உதவியைப் பங்கிட அரசும் புலிகளும் 2005 ஜூனில் கையெழுத்திட்ட பொதுக் கட்டமைப்பு, அடுத்த மாதமே உச்ச நீதிமன்றத்தின் இடைக்காலத் தடையால் முடங்கிப்போனது. கரையோரத்தில் கூடாரத்தில் இருந்தவர்களுக்கு இந்த இரண்டில் எதனாலும் ஒரு கூரை வரவில்லை.

மற்றொன்றையும் சொல்ல வேண்டும். அரசியல் கலவாத நிபந்தனை என்று நாம் நினைப்பதும் யாரோ ஒருவர் தலையில்தான் விழுகிறது. செலவுக்கு ஏற்ற விலை என்பது நாணய நிதியத்துடனான பேச்சின் மையமாக இருந்த காலத்தில், 2022 ஆகஸ்டில், மண்ணெண்ணெய் லிட்டர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாக ஒரே நாளில் ஏறியது. பருத்தித்துறையில் என் மாமா மகன் வைத்திருக்கும் சிறு படகின் இயந்திரம் மண்ணெண்ணெயில் ஓடுவது. ஒரு நாள் கடலுக்குப் போய்வரும் செலவைச் சிகரெட் பெட்டியின் அட்டையில் கூட்டிப் பார்த்துவிட்டு, படகைக் கரையில் ஏற்றிக் கவிழ்த்துப் போட்டுவிட்டான். மானியத்தால் அரசு நொடித்தது உண்மை, கள்ளச் சந்தை நடந்ததும் உண்மை. ஆனால் அந்த நிபந்தனையை எழுதிய மேசையில் மீனவர் எவரும் இருக்கவில்லை.

13ஆம் திருத்தத்தை இந்தியா கேட்க வேண்டும் என்று இன்றும் நம்புகிறேன். அது இந்தியா தானே கையெழுத்திட்ட உடன்பாடு. கேட்க அதற்கு முழு உரிமை உண்டு. வெளியுறவு அமைச்சர்கள் சந்திக்கும் இடத்தில் கேட்கட்டும், அரிசிக் கப்பலில் ஏற்றி அனுப்ப வேண்டாம்.

—

கப்பலில் இருந்தவன் எழுதியது:

வணக்கம். கொடுப்பவர் விதிக்கும் நிபந்தனையைப் பற்றி மட்டும் பேசுகிறோம். வாங்குபவரும் விதிப்பார்.

2005 புத்தாண்டு நேரத்தில் சிங்கப்பூர்க் கடற்படையின் எங்கள் தரையிறங்கு கப்பல், ஆழிப்பேரலை தாக்கிய இந்தோனேசியாவின் அச்சேயிலுள்ள மெலாபோவுக்குப் போனது. படகுத்துறை என்று ஒன்று அங்கே மிஞ்சவில்லை. மண்வாரி இயந்திரங்களைக் கரையேற்றுவதற்கே பொறியாளர்கள் கடற்கரையில் இடம் ஒதுக்கிச் சமன் செய்ய வேண்டியிருந்தது. பசியும் காயமும் அவ்வளவு இருந்தும், எதை எங்கே இறக்குவது, யார் எந்தப் பகுதிக்குப் போவது என்பதை இந்தோனேசிய ராணுவத்தைக் கேட்டுத்தான் செய்தோம். அச்சே அப்போது உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த மாநிலம். வெளிநாட்டுச் சீருடை அங்கே நடமாடுவது அவர்களுக்கு எளிதான காரியமாக இருந்திருக்காது. மார்ச் இறுதிக்குள் வெளிநாட்டுப் படைகள் வெளியேற வேண்டும் என்று ஜகார்த்தா சொன்னது. எங்களில் சிலருக்கு அப்போது கோபம் வந்தது. எனக்கு வரவில்லை. அவர்கள் வீடு, அவர்கள் சாவி.

2008 மே மாதம் நர்கிஸ் புயல் மியன்மாரைத் தாக்கியபோது நிலை இன்னும் கடுமை. மாண்டவரும் காணாமற்போனவருமாக ஏறத்தாழ 138,000 பேர். இருந்தும் ராணுவ அரசு வெளிநாட்டு உதவியாளர்களுக்கு வாசலைத் திறக்கவில்லை. அந்த ஆண்டு ஆசியானுக்குத் தலைமை வகித்தது நாம். மே 19ஆம் தேதி ஆசியான் வெளியுறவு அமைச்சர்கள் இங்கே கூடிய பிறகுதான் மியன்மார் அரசு, ஆசியான், ஐக்கிய நாடுகள் நிறுவனம் என்ற முத்தரப்புக் குழு உருவாகி, வாசல் ஓரளவு திறந்தது. மேற்கத்திய நாடுகள் உரத்துக் கேட்டுப் பெறாததை அண்டை நாடுகள் கூடி உட்கார்ந்து பெற்றன. தாமதமாகத்தான் பெற்றன என்பதையும் உங்கள் மகள் சொல்ல வேண்டும்; அந்த மூன்று வாரத்தில் போன உயிர்களுக்குக் கணக்கில்லை.

—

ஈசூன் வாசகி எழுதியது:

இவ்வளவு பொறுமையாக எழுதிய மூவருக்கும் நன்றி. என் கணவர் மண்ணெண்ணெய் பற்றிய பகுதியை இரண்டு முறை படித்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் எழுந்து போனார்.

மகள் இரண்டு கேள்விகள் கேட்கச் சொல்கிறாள். சிங்கப்பூரும் ஒரு காலத்தில் உதவி பெற்ற நாடுதானே, அதில் நிபந்தனை இருந்ததா? வங்கியர் ஐயா சொன்ன "இருவருக்கும் பொதுவான ஒருவர்" நாணய நிதியமாகத்தான் இருக்க வேண்டுமா, இந்த வட்டாரத்துக்குச் சொந்தமாக ஒன்று இல்லையா?

—

பழைய வங்கியர் எழுதியது:

கெட்டிக்காரப் பிள்ளை. முதல் கேள்விக்குப் பதில், ஆம், இருந்தது. 1968 ஜனவரியில் பிரிட்டன் தன் படைகளை 1971க்குள் விலக்கிக்கொள்வதாக அறிவித்தபோது, தளங்களை நம்பியிருந்த பல்லாயிரம் குடும்பங்கள் கதிகலங்கின. அதை ஈடுசெய்ய 5 கோடி பவுண்டு தருவதாகப் பிரிட்டன் சொன்னது. அதில் கால் பங்கு நன்கொடை, மீதி கடன். அந்தப் பணத்தைப் பிரிட்டிஷ் பொருள்களையும் சேவைகளையும் வாங்கவே செலவிட வேண்டும் என்பது நிபந்தனை. இன்றும் இந்த வகை உலகில் பரவலாக இருக்கிறது; பலர் அதை நிபந்தனை என்று எண்ணுவதில்லை. இந்தியா அண்டை நாடுகளுக்குத் தரும் கடன் வசதிகளிலும், பொதுவாக நான்கில் மூன்று பங்கு கொள்முதல் இந்தியாவிலிருந்தே இருக்க வேண்டும். இதை நான் அறவே தவறு என்று சொல்ல மாட்டேன். விலையை ஒப்பிட்டுப் பார்க்க முடியாமற்போனால், கொடுத்த உதவியில் ஒரு பகுதி கொடுத்தவர் ஊர் வணிகரிடமே திரும்பிப் போய்விடும் என்பதை மட்டும் வாங்குபவர் அறிந்திருக்க வேண்டும்.

இந்த வகை முற்றினால் என்னவாகும் என்பதற்கு மலேசியாவின் கிளந்தானிலுள்ள பெர்காவ் அணையைப் பார்க்கச் சொல்லுங்கள். பிரிட்டன் அந்த அணைக்குக் கொடுத்த 23.4 கோடி பவுண்டு உதவி, மலேசியா பிரிட்டனிடம் ஆயுதம் வாங்கும் பேரத்தோடு பின்னிக்கிடந்தது. அந்த உதவி சட்டப்படி செல்லாது என்று 1994இல் லண்டன் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வழக்குத் தொடுத்தது மலேசியர்கள் அல்லர், பிரிட்டனிலிருந்த ஒரு தன்னார்வ அமைப்பு என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. கொடுக்கும் நாட்டின் குடிமக்களும் கணக்குக் கேட்கலாம்.

வடமராட்சியார் தம்பிக்கும் ஒன்று. நெதர்லாந்து, கிழக்குத் தீமோரின் டிலியில் இந்தோனேசியப் படையினர் நடத்திய படுகொலைக்குப் பிறகு தன் உதவியை மனித உரிமையோடு பிணைத்தபோது, 1992 மார்ச்சில் இந்தோனேசியா அந்த உதவியே வேண்டாம் என்று சொல்லிவிட்டது. டிலி மக்களுக்கு அதனால் அப்போது விடிவு எதுவும் பிறக்கவில்லை. நீங்கள் கேட்பது நியாயம். அதற்கு இடம் வேறு என்று நீங்களே சொன்னதைத்தான் நானும் சொல்கிறேன்.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். வட்டாரத்துக்குச் சொந்தமாக ஒன்று இருக்கிறது, இங்கே சிங்கப்பூரிலேயே இருக்கிறது. 1998இல் பட்ட அவமானத்திலிருந்து பிறந்தது சியாங் மாய் ஏற்பாடு. ஆசியான் நாடுகளும் சீனா, ஜப்பான், தென்கொரியா, ஹாங்காங் ஆகியவையும் சேர்ந்து வைத்திருக்கும் 240 பில்லியன் அமெரிக்க டாலர் அளவிலான நாணயப் பரிமாற்ற ஏற்பாடு அது; நெருக்கடியில் சிக்கும் உறுப்பு நாடு தன் நாணயத்தைக் கொடுத்து டாலரைப் பெறலாம். உறுப்பு நாடுகளின் பொருளியலை ஆண்டு முழுவதும் பார்த்து அறிக்கை தரும் ஆம்ரோ என்ற அமைப்பு, நான் வேலை பார்த்த அதே ஷென்டன் வேயில், 2011 முதல் இயங்குகிறது. நெருக்கடி வந்த பிறகு ஓடிப்போய் நிபந்தனை எழுதாமல், முன்கூட்டியே ஒருவர் கணக்கை ஒருவர் பார்க்க ஒப்புக்கொள்வது இதன் நோக்கம். தொடக்கத்தில் இதிலும், ஒரு நாடு எடுக்கக்கூடிய தொகையில் 20 விழுக்காட்டை மட்டுமே நாணய நிதியத்தின் திட்டம் இல்லாமல் எடுக்க முடியும் என்று வைத்தார்கள். அது 30ஆகி, 2021 முதல் 40 விழுக்காடாக இருக்கிறது.

இதுவரை எந்த நாடும் அதிலிருந்து ஒரு டாலர்கூட எடுத்ததில்லை. தேவைப்பட்டால் இந்தோனேசியா அதிகபட்சம் 22.76 பில்லியன் எடுக்கலாம், நிதியத்தின் ஒப்புதல் இன்றி ஏறத்தாழ 9.1 பில்லியன். 1998இல் அந்த 9 பில்லியன் இருந்திருந்தால் பாண்டுங் ஆலைக்குப் பஞ்சு ஏறியிருக்குமா என்று உங்கள் மகளிடம் கேட்டுப் பாருங்கள். அவள் சொல்லும் பதிலை இங்கே எழுதுங்கள், அம்மா, காத்திருக்கிறேன்.